‘உங்கள் டிரைவர்கள் பழையவை’ என்று கணினி மிரட்டினால்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து கண் அசரும் நேரத்தில் அக்கா மகளிடமிருந்து போன். “மாமா, லேப்டாப்ல வைஃபையே காணோம். ஐகானே இல்ல.”

என்ன செய்தாய் என்று கேட்டால், “நான் ஒண்ணும் செய்யல” என்றுதான் முதலில் பதில் வந்தது. எல்லார் வீட்டிலும் அதுதான் முதல் பதில். கொஞ்சம் தோண்டியதும் விஷயம் வெளியே வந்தது. ஏதோ விளம்பரத்தைப் பார்த்து, இலவசமாக டிரைவர்களைப் புதுப்பித்துத் தரும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கியிருக்கிறாள். அது ஸ்கேன் செய்துவிட்டு, ‘23 டிரைவர்கள் மிகப் பழையவை’ என்று சிவப்பு எழுத்தில் காட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் புதுப்பிக்கும் பட்டனை அழுத்திவிட்டாள். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆனது, வைஃபை போனது. வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும்.

“சரி, அதுக்கு முன்னாடி என்ன பிரச்சினை இருந்தது?”

“ஒண்ணும் இல்ல மாமா. பழசுன்னு சொல்லுச்சு, அதான்.”

அந்தக் கடைசி பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டிரைவர் புதியதா என்பது ஒரு கேள்வி, சரியானதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து, எதிலிருந்து தொடங்கி எதுவரை போகலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன். மெனுப் பெயர்களை ஆங்கில விண்டோஸில் இருக்கிறபடியே தருகிறேன். நம்மில் பெரும்பாலோர் அதைத்தான் வைத்திருக்கிறோம்.

டிரைவர் செய்யும் வேலை

அந்தக் காலத்தில் கம்பெனிக்காரர்களுக்கும் ஊர் வியாபாரிகளுக்கும் நடுவில் துபாஷி என்று ஒருவர் இருந்தார். இரண்டு மொழியும் தெரிந்தவர். டிரைவரும் அப்படித்தான். விண்டோஸுக்குப் பொதுவான கட்டளைகள்தான் தெரியும். உங்கள் வைஃபை கார்டுக்கு அதன் தயாரிப்பாளர் வைத்த சொந்த மொழிதான் தெரியும். இரண்டுக்கும் நடுவில் நின்று பேசும் சிறு சாஃப்ட்வேர்தான் டிரைவர்.

இதில் கவனிக்க வேண்டியது, பல டிரைவர்கள் விண்டோஸின் உள்ளறையான கர்னலுக்குள் ஓடுகின்றன. சாதாரண ஆப் தடுக்கி விழுந்தால் அந்த ஆப் மட்டும் மூடிக்கொள்ளும். கர்னலுக்குள் இருக்கும் டிரைவர் தடுக்கினால் முழுக் கணினியும் நீலத்திரையில் போய் நிற்கும். 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்கக் கணினிகள் நீலமாகி, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அது இந்த வகைதான். க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேரின் டிரைவர், தனக்கு வந்த பிழையான தகவல் கோப்பு ஒன்றைப் படித்துத் தடுக்கியது. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. ஆகவே டிரைவரில் கை வைப்பதை வாட்ஸப் புதுப்பிப்பது போல எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்போது புதுப்பிக்க வேண்டும்

ஏதாவது ஒரு பாகம் வேலை செய்யாவிட்டால், அல்லது அடிக்கடி மக்கர் செய்தால். விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தால். புது விளையாட்டோ வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேரோ புதிய கிராஃபிக்ஸ் டிரைவர் கேட்டால். பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டிருந்தால். இவ்வளவுதான். சவுண்டு நன்றாகக் கேட்கிறது, டச்பேட் ஒழுங்காக நகர்கிறது என்றால் அவற்றின் டிரைவர் நான்கு வருடம் பழையதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 2021 மே மாதம் டெல் கணினிகளில் ஒரு டிரைவர் ஓட்டை வெளியானது. 2009 முதல் டெல்லின் பயாஸை (கணினியின் அடிப்படை நிரலை) புதுப்பிக்கும் கருவிகளோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த டிரைவர் அது. பன்னிரண்டு வருடம் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை. இப்படிப்பட்ட பழைய, ஆபத்தான டிரைவர் உங்களிடம் இருக்கிறதா என்று பார்க்க வெளிச் சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிவைஸ் செக்யூரிட்டிக்குள் கோர் ஐசொலேஷன் டீடெய்ல்ஸ் போங்கள். அங்கே மெமரி இன்டெக்ரிட்டி என்ற சுவிட்ச் இருக்கும். அதைப் போட முயலும்போது ஒத்துவராத டிரைவர்கள் இருந்தால் விண்டோஸே பெயரோடு பட்டியல் தரும். அந்தப் பட்டியலில் வருபவைதான் மெய்யாகவே கவனிக்க வேண்டிய பழசுகள். பெரும்பாலும் எப்போதோ போட்டு மறந்துபோன ஏதாவது கருவியின் மிச்சமாக இருக்கும்.

கை வைப்பதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிற்பாடு சர்வீஸ் கடை வாசலில் நிற்கிறார்கள். கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் உங்கள் கணினியின் சரியான மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் தயாரிப்பாளர், மாடல், பயாஸ் பதிப்பு மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்கும். லேப்டாப்பின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரிலும் இருக்கும். டெல் என்றால் ஏழு எழுத்துகள் கொண்ட சர்வீஸ் டேக். ஹெச்பி, லெனோவா என்றால் சீரியல் நம்பர். கடையில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் என்றால் அதே பக்கத்தில் பேஸ்போர்டு என்று தொடங்கும் வரிகளைப் பாருங்கள். மதர்போர்டு கம்பெனியும் மாடலும் அங்கே தெரியும்.

அடுத்தது ரெஸ்டோர் பாயிண்ட், அதாவது ஏதாவது கெட்டால் கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சேமிப்பு. ஸ்டார்ட்டில் கிரியேட் எ ரெஸ்டோர் பாயிண்ட் என்று தேடுங்கள். வரும் சிறு ஜன்னலில் சி டிரைவுக்கு நேரே ஆஃப் என்று இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், பல கணினிகளில் அப்படித்தான் வருகிறது. கான்ஃபிகர் அழுத்தி, டர்ன் ஆன் தேர்ந்து, ஐந்து சதவீதம் இடம் ஒதுக்கி ஓகே கொடுங்கள். பிறகு கிரியேட். அடையாளத்துக்குத் தேதியைப் பெயராக வைத்தால் போதும்.

மூன்றாவது, இருக்கும் டிரைவர்களைப் பென் டிரைவில் பத்திரப்படுத்துவது. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர் என்று போனால் ஃபைல்ரெப்பாசிட்டரி என்ற ஃபோல்டர் இருக்கும். இப்போது உங்கள் கணினியை ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவர்களின் கோப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அப்படியே காப்பி செய்து பென் டிரைவில் போடுங்கள். சில ஜிபி வரும். அங்கே எதையும் அழிக்கவோ நகர்த்தவோ கூடாது, காப்பி மட்டும்தான். விண்டோஸை மறுபடி போட நேர்ந்தால், அடம் பிடிக்கும் பாகத்துக்கு இந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும், அதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

நான்காவது, பிட்லாக்கர் சாவி. புது லேப்டாப்கள் பலவற்றில் நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டு வருகிறது. பயாஸை மாற்றினாலோ, சிக்கலாகி ரிப்பேர் திரைக்குள் போனாலோ 48 இலக்க எண்ணைக் கேட்கும். அப்போது அந்த எண் கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் போட்டோ, ப்ராஜெக்ட் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட வேண்டியதுதான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் உங்கள் கணினியின் பக்கத்தில் அந்த எண் இருக்கும். ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டிவைஸ் மேனேஜரைப் படிப்பது

ஸ்டார்ட் பட்டன்மேல் ரைட் கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் தெரியும். உள்ளே மஞ்சள் முக்கோணம் எங்கேயும் இல்லையென்றால் உங்கள் கணினி நலம். முக்கோணம் இருந்தால் அதை டபுள் கிளிக் செய்யுங்கள். ஒரு கோடு எண் வரும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் பாகத்தைத் தொடங்க முடியவில்லை. பெரும்பாலும் டிரைவர் பொருந்தவில்லை. 43 என்றால் அந்தப் பாகமே தனக்குச் சுகமில்லை என்று புகார் செய்கிறது. டிரைவராலும் இருக்கலாம், ஹார்டுவேர் கெட்டும் போயிருக்கலாம். 22 என்றால் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். ரைட் கிளிக் செய்து எனேபிள் கொடுத்தால் முடிந்தது. இந்த 22க்குப் போய் முந்நூறு ரூபாய் சர்வீஸ் சார்ஜ் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

பெயரே இல்லாமல் அன்நோன் டிவைஸ் என்று இருந்தால்? அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பகுதிக்குப் போய், கீழிறங்கும் பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் தேர்ந்தெடுங்கள். நீளமாக ஏதோ வரும். அதில் வென் என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு எழுத்துகள் தயாரிப்பாளரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல். தன்னுடைய புகழ்பெற்ற ப்ராசஸரின் எண்ணையே வைத்துக்கொண்டது. 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி கிராஃபிக்ஸ், 10இசி என்றால் ரியல்டெக். டெவ் என்பதற்குப் பின்னால் வரும் நான்கும் எந்த மாடல் என்று சொல்லும். அந்த வரியை அப்படியே காப்பி செய்து தேடினால், யாருடைய எந்தச் சிப் என்று தெரிந்துவிடும். யூஎஸ்பி பாகங்களுக்கு வென், டெவ் இருக்காது, அவற்றுக்குப் பதில் விட், பிட் என்று வரும். எண்களும் வேறாக இருக்கும், தேடும் முறை அதேதான்.

இங்கேயே ரைட் கிளிக் செய்தால் அப்டேட் டிரைவர் என்று ஒன்று இருக்கிறதே, அதை அழுத்தினால் என்ன என்று கேட்பீர்கள். அதன் முதல் தேர்வு, கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும் டிரைவர்களைத்தான் தேடும். ‘சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது’ என்று அது சொன்னால், உலகத்திலேயே சிறந்தது என்று அர்த்தமில்லை. தன் கைவசம் இருப்பதில் இதுதான் தேவலை என்று அர்த்தம். இரண்டாவது தேர்வான ப்ரௌஸ்தான் பயனுள்ளது. பென் டிரைவில் வைத்த ஃபோல்டரைக் காட்டுவது இதில்தான்.

முதல் கதவு: விண்டோஸ் அப்டேட்

பெரும்பாலானவர்களுக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் போய் முதலில் சாதாரண அப்டேட்களை முடித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு மறுபடி அதே இடத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ், அதற்குள் டிரைவர் அப்டேட்ஸ். விண்டோஸ் 10 என்றால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று இருக்கும்.

இங்கே வரும் பட்டியலைப் பார்த்ததும் எல்லாவற்றிலும் டிக் போடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். எந்தப் பாகம் பிரச்சினை செய்கிறதோ அதற்கு மட்டும் போடுங்கள். ஆப்ஷனல் என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்றால், ‘தேவைப்பட்டால் எடுத்துக்கொள்’ என்றுதானே பொருள். சில சமயம் உங்களிடம் இருப்பதைவிடப் பழைய டிரைவர்கூட இந்தப் பட்டியலில் வரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள், புது டிரைவர்கள் இனி மெல்ல மெல்லக் குறையும் என்று எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கதவு: லேப்டாப் கம்பெனியின் சொந்தக் கருவி

லேப்டாப்பில் டிரைவருக்கு நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஒரே சிப்பை இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாகப் பொருத்தியிருப்பார்கள். ஸ்பீக்கர் ஒலி, ஃபங்ஷன் பட்டன்கள், பேட்டரி, விசிறி வேகம் இதெல்லாம் அவரவர் டிரைவரில்தான் சரியாக வரும். டெல்லுக்கு சப்போர்ட்அசிஸ்ட், ஹெச்பிக்கு சப்போர்ட் அசிஸ்டன்ட், லெனோவாவுக்கு வான்டேஜ், ஆசஸுக்கு மைஆசஸ். பல லேப்டாப்களில் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால் அந்தந்தக் கம்பெனியின் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மட்டும் எடுங்கள். கூகுளில் தேடும்போது மேலே ஸ்பான்சர்டு என்று வருவதை அழுத்திவிடாதீர்கள். பெயரும் லோகோவும் அச்சு அசலாக இருக்கும், உள்ளே வேறு சரக்கு இருக்கும்.

கருவி ஸ்கேன் செய்து கொண்டுவரும் பட்டியலில் கிரிட்டிகல், ரெகமண்டட் என்று தரம் பிரித்திருக்கும். கிரிட்டிகலை எடுங்கள். பயாஸ் என்று ஏதாவது வந்தால் இப்போது டிக்கை எடுத்துவிடுங்கள், அதைத் தனியாகப் பார்ப்போம். சார்ஜரை மாட்டி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். ஐந்தை ஒன்றாகப் போட்டு ஏதாவது கெட்டால் எது காரணம் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இந்தக் கருவிகள் பின்னணியில் ஓடி மெமரி தின்னும், நடுநடுவே வாரன்டி விற்க வரும். எரிச்சலாக இருந்தால் வேலை முடிந்ததும் அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போடுங்கள். ஒன்றும் குடிமுழுகாது. கம்பெனித் தளத்தின் டிரைவர் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து நேராக இறக்கிக்கொள்வதும் நல்ல வழிதான். நான் செய்வது அதைத்தான்.

மூன்றாவது கதவு: சிப் தயாரிப்பாளர்

அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களும், விளையாட்டு, எடிட்டிங் என்று கிராஃபிக்ஸ் கார்டை வேலை வாங்குபவர்களும் இங்கே வருவார்கள். இன்டெல்லுக்கு டிரைவர் அண்டு சப்போர்ட் அசிஸ்டன்ட், ஏஎம்டிக்கு அட்ரினலின் சாஃப்ட்வேர், என்விடியாவுக்கு என்விடியா ஆப். பழைய ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் இருந்த இடத்துக்கு 2024 நவம்பரில் வந்ததுதான் இந்த ஆப்.

இன்டெல் கருவி லேப்டாப்களில், ‘உங்கள் கம்பெனி மாற்றியமைத்த டிரைவரை இது எடுத்துவிடும்’ என்று சில சமயம் எச்சரிக்கும். அதைப் படிக்காமல் ஓகே கொடுக்க வேண்டாம். வைஃபை, ப்ளூடூத் என்றால் துணிந்து போடலாம். கிராஃபிக்ஸ் என்றால் பிரச்சினை இருந்தால் மட்டும்.

என்விடியாவில் கேம் ரெடி, ஸ்டூடியோ என்று இரண்டு வகை கேட்கும். வெளிவந்த வாரமே புது விளையாட்டு ஆடுபவர் முதலாவதை எடுக்கட்டும். ப்ரீமியர், ப்ளெண்டர் போன்ற எடிட்டிங், 3டி சாஃப்ட்வேர்களில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டாவது. அது குறைவாக வரும், நிதானமாகச் சோதித்து வரும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1060 போன்ற கார்டு வைத்திருப்பவர்களுக்கு 2025 அக்டோபரோடு புது விளையாட்டுக்கான டிரைவர்கள் நின்றுவிட்டன. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். எனவே எந்தச் சாஃப்ட்வேர் ‘இன்னும் புதியது இருக்கிறது’ என்று ஆசை காட்டினாலும் இந்தக் கார்டுக்காரர்கள் நம்ப வேண்டாம்.

கிராஃபிக்ஸ் டிரைவர் வந்த அன்றே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் விசிறியைச் சரியாகச் சுழல விடாமல் கார்டுகளைச் சூடாக்கியது. கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றது. ஒரு வாரம் பொறுத்தால் இதுபோன்றவை அடுத்தவர் கணினியிலேயே தெரிந்துவிடும்.

பயாஸ் வேறு ரகம்

பயாஸ் டிரைவர் அல்ல. மதர்போர்டிலேயே எழுதி வைத்திருக்கும் அடிப்படை நிரல். ஆனாலும் இதே கருவிகள் அதையும் டிரைவர் பட்டியலில் சேர்த்துக் காட்டுகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் மதர்போர்டு செங்கல் போல எதற்கும் உதவாமல் போய்விட வாய்ப்புண்டு. டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். ஐப்பசி மழை நாளில், லைன் விட்டு விட்டு வரும் ஊரில், யூபிஎஸ் இருந்தாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் மாட்டியிருக்க வேண்டும். பிட்லாக்கர் இருந்தால் கன்ட்ரோல் பேனலில் சஸ்பெண்ட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். திரை ஐந்து நிமிடம் கறுப்பாக இருந்தாலும், தானாக இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்தாலும், பவர் பட்டனைத் தொடக் கூடாது.

ஏதாவது கெட்டுப்போனால்

டிரைவர் போட்ட பிறகு கணினி ஓடுகிறது, ஆனால் அந்தப் பாகம் மட்டும் சரியில்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் அதன் ப்ராப்பர்ட்டீஸ், டிரைவர் பகுதியில் ரோல் பேக் டிரைவர். பழைய டிரைவர் திரும்பி வரும். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் முந்தைய டிரைவர் சேமிப்பில் இல்லை. அப்போது ரெஸ்டோர் பாயிண்டுக்குப் போக வேண்டும். ரோல் பேக் செய்த இரண்டாம் நாள் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும் வேடிக்கையும் நடக்கும். அப்படியானால் பாஸ் (Pause) அப்டேட்ஸ் கொடுத்து ஓரிரு வாரம் நிறுத்தி வையுங்கள்.

திரை மட்டும் உறைந்து நிற்கிறதா? விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) அழுத்துங்கள். ஒரு பீப் ஒலியோடு கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலை பெரும்பாலும் தப்பிவிடும்.

விண்டோஸே திறக்கவில்லை என்றால், தொடங்கும் நேரத்தில் இரண்டு மூன்று முறை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அதற்கப்புறம் ரிப்பேர் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அங்கேயே சிஸ்டம் ரெஸ்டோர் இருக்கும். அல்லது ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாக 4 அழுத்தி சேஃப் மோடில் நுழைந்து அந்த டிரைவரை நீக்கலாம். ரேஷன் கார்டோடு வைத்த தாள் இந்த இடத்தில்தான் தேவைப்படும்.

விண்டோஸ் போடும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்று சிலர் பயந்துபோகிறார்கள். இன்டெல் 11வது தலைமுறை, அதற்குப் பிந்தைய லேப்டாப்கள் பலவற்றில் இப்படி ஆகும். டிஸ்க் போகவில்லை. லேப்டாப் கம்பெனித் தளத்திலிருந்து இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்துப் பிரித்துப் பென் டிரைவில் வைத்து, இன்ஸ்டால் திரையில் லோட் டிரைவர் கொடுத்தால் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும்.

இணையமே இல்லை, வைஃபை டிரைவரும் இல்லை என்ற அக்கா மகளின் நிலைமைக்கு மருந்து அவள் கையிலேயே இருந்தது. ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் மாட்டி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யச் சொன்னேன். வைஃபை டிரைவர் இல்லாமலேயே லேப்டாப்புக்கு இணையம் வந்துவிட்டது. டேட்டா கொடுக்கும் ஒயராக இருக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவு ஒயர் உதவாது. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் சிம் டேட்டாகூடச் செலவாகாது.

கடைசியாக, எல்லாரும் முதலில் தேடும் அந்த சாஃப்ட்வேர்கள்

டிரைவர் பூஸ்டர், டிரைவர் ஈஸி, இன்னும் எத்தனையோ. இவை செய்வது எளிய காரியம்தான்: முன்னே சொன்ன ஹார்டுவேர் ஐடியைப் படித்து, தங்கள் கிடங்கில் அதே ஐடிக்குப் புதிய தேதியோ பதிப்போ உள்ள டிரைவர் இருக்கிறதா என்று ஒப்பிடுவது. எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன். கம்பெனி தன் தளத்திலிருந்து டிரைவரை நீக்கிவிட்ட பத்து வருடப் பழைய கணினிக்கு இவை சில சமயம் கைகொடுக்கும். ஆனால் உங்கள் லேப்டாப்புக்கென்று மாற்றியமைத்த டிரைவரை இவற்றுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போகலாம். பயமுறுத்தினால்தானே காசு என்ற கணக்கும் இருக்கிறது.

கட்டாயம் ஒன்று வேண்டுமென்றால் ஸ்நாப்பி டிரைவர் இன்ஸ்டாலர் ஒரிஜின் என்பதைப் பாருங்கள். திறமூலம், இலவசம், விளம்பரம் இல்லை, இன்ஸ்டால்கூட வேண்டாம். பென் டிரைவிலிருந்தே ஓடும். முழுத் தொகுப்பு பல பத்து ஜிபி வரும் என்பதால், நெட்வொர்க் டிரைவர்களை மட்டுமோ அட்டவணையை மட்டுமோ இறக்கிக்கொள்ளலாம். ரெஸ்டோர் பாயிண்ட் போடும் தேர்வை டிக் செய்துவிட்டு, முக்கோணம் காட்டிய பாகத்துக்கு மட்டும் போடுங்கள். வேறு எந்தக் கருவி என்றாலும் இன்ஸ்டால் ஆகும்போது ஒவ்வொரு திரையிலும் டிக் போட்டிருப்பதைப் பாருங்கள்; பிரவுசர், ஆன்டிவைரஸ் என்று கூடவே ஏறிக்கொள்ளப் பார்ப்பவர்கள் உண்டு.

அக்கா மகளின் லேப்டாப்புக்கு யூஎஸ்பி வழியாக இணையம் வந்ததும், டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டுக்கு ரோல் பேக் கொடுத்தோம். பட்டன் மங்கல். அப்புறம் கம்பெனி தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு வைஃபை டிரைவரை இறக்கிப் போட்டோம். பத்து நிமிட வேலை. அந்த சாஃப்ட்வேரை எடுத்தெறிந்தாயிற்று.

“அப்ப மீதி 22 பழசு?” என்று கேட்டாள். அந்த சாஃப்ட்வேர் காட்டிய பட்டியலைப் போட்டோ எடுத்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக்கு மேல் இரண்டே தேதிகள்தான்: 1968 ஜூலை 18, 2006 ஜூன் 21. முதலாவது இன்டெல் கம்பெனி தொடங்கிய நாள். அப்போது யூஎஸ்பியும் கிடையாது, விண்டோஸும் கிடையாது. இன்டெல் தன் சிப்செட் கோப்புகளுக்கு வேண்டுமென்றே அந்தத் தேதியைப் போடுகிறது. இரண்டாவது, விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் சொந்த டிரைவர்களுக்குப் போடும் தேதி. நேற்று வந்த விண்டோஸிலும் அதே தேதிதான் இருக்கும். ஒரே பாகத்துக்குச் சமமாகப் பொருந்தும் இரண்டு டிரைவர்கள் இருந்தால் விண்டோஸ் தேதியைப் பார்த்துப் புதியதை எடுக்கும். பொது டிரைவர் எப்போதும் தோற்று, தயாரிப்பாளரின் டிரைவர் எப்போதும் ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி முன்தேதி.

“1968ஆ? பாட்டிக்கே அப்ப கல்யாணம் ஆகல மாமா” என்றாள்.